ரை பீரில் மிளகு எங்கே இருக்கிறது?

ரை என்ற தானியம் சேர்த்த ஐபிஏ (கசப்பு தூக்கலான ஒரு பீர் வகை) பற்றி யார் எழுதினாலும் "மிளகுக் காரம்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பல வருடமாக நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். போன சனிக்கிழமை ஃபவுண்டர்ஸ் என்ற பீர் ஆலையின் ரெட்ஸ் ரையை ஒரு கிளாஸில் ஊற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து குடித்தேன். மிளகும் இல்லை, காரமும் இல்லை.

ரையைக் கம்பு என்று மொழிபெயர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பு வேறு. ரை, கோதுமைக்கும் பார்லிக்கும் பங்காளி. குளிர் தாங்கும் பயிர். அமெரிக்காவில் ரை ரொட்டியில் கேரவே விதை தூவுவது வழக்கம், அது நம் சீரகத்துக்குத் தூரத்துச் சொந்தம். அந்த வாசனையைத்தான் தானியத்தின் காரம் என்று நாக்கு பதிவு செய்து வைத்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

அப்புறம் ரை என்னதான் தருகிறது? கொழகொழப்பு. பீட்டா குளுக்கன் என்ற பிசுபிசுப்பான நார்ச்சத்து அதில் அதிகம். பார்லிக்கு இருக்கும் உமி ரைக்குக் கிடையாது. வெந்நீரில் ஊறிய தானியத்திலிருந்து இனிப்புச் சாற்றை வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டி. அது இல்லையென்றால் மொத்தமும் களி மாதிரி இறுகி அடைத்துக்கொள்ளும். அதனால் நெல் உமியைக் கலந்து வடிக்கிறார்கள்! ஊரில் செங்கல் சூளைக்குப் போகும் உமி, இங்கே பீர் காய்ச்சும் சாமான் விற்கும் கடையில் பவுண்டு கணக்கில் பாக்கெட் போட்டு வருகிறது. முதல் தடவை பார்த்தபோது கடையிலேயே நின்று சிரித்தேன்.

சரி, ருசிக்கு வருவோம். மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ்தான் இந்த பீரின் ஊர். ஆல்கஹால் 6.6 சதவீதம், கசப்பு 70 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு). எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், மால்ட்டின் (முளைக்கவிட்டு உலர்த்திய தானியத்தின்) இனிப்பு எதிரே நிற்பதால் நாக்குக்கு அவ்வளவு தெரியாது. செம்பு நிறம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்தால் வெறும் கசப்பு. கால் மணி நேரம் வெளியே வைத்தேன். அமரில்லோ என்ற வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அப்போதுதான் வாயைத் திறந்தது: கமலாப்பழத் தோலை நகத்தால் கீறினால் தெறிக்குமே, அந்த எண்ணெய் வாசனை. அடியில் பாகு கருகும் பதத்துக்கு ஒரு நிமிடம் முந்தைய வெல்லம். விழுங்கிய பிறகு நாக்கு வறண்டு அடுத்த வாய் கேட்கிறது. ரையின் வேலை என்று நான் எண்ணுவது இந்த இரண்டும்தான்: வாயில் இருக்கும்போது கனம், போன பிறகு வறட்சி.

ஹாப்ஸ் தூக்கலான பீருக்குத் தேதி முக்கியம். போன வருடம் ஒரு கடையில் இதே மாதிரி ஒரு ரை ஐபிஏ வாங்கினேன். அடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கமலாவும் இல்லை, ஒன்றும் இல்லை, நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. அதைக் குடித்துவிட்டு அந்த வகையையே திட்டிப் பதிவு போட்டேன். இப்போது அழித்துவிட்டேன்.

கூட உட்கார்ந்த நண்பன் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், இது நிலவேம்புக் கஷாயம்டா" என்றான். லேசான லாகர் பீர் தவிர எதையும் தொடாதவன். அரை மணி நேரம் கழித்து அவன் கிளாஸைப் பார்த்தேன், காலி. இன்னொன்று இருக்கா என்று கேட்கவில்லை, நேராக ஃப்ரிட்ஜைத் திறந்தான்.