மாமா வீடும் பேஸ்பால் சீசனும்

மார்ச் கடைசியில் பேஸ்பால் சீசன் தொடங்கும். எங்கள் வீட்டிலும் சரியாக அப்போதுதான் பண்டாரவளை மாமா வீட்டுக்குப் போக நாள் பார்ப்பார்கள்! ஹட்டனிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டொரன்டோவில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை 4.30. மாமா வீட்டில் சிக்னல் கிடைப்பதோ கொல்லைப்புறக் கழிவறைப் பக்கம் மட்டும். குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கே நின்றால், "வயிறு சரியில்லையா?" என்று அத்தை இஞ்சித் தேத்தண்ணியோடு வந்துவிடுகிறார்.

2025 இறுதித் தொடரில் என் டொரன்டோ அணி புளூ ஜேஸ் 7ஆவது ஆட்டம் வரை போய், 11ஆவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸிடம் தோற்ற எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாமாவோ போனை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் எல்லே விளையாட்டு மாதிரித்தானே, இதுக்கா இந்தக் கூத்து?" என்கிறார். அப்புறம் கல்யாணப் பேச்சு வேறு.