துடைத்திருக்கலாமாம்!

பேசாமல்தான் இருந்தேன். நம் குழுவின் ‘அன்றாடக் கருவிகள்’ புகைப்படப் போட்டியின் முடிவு வந்தபோதும் சரி, அதன் கீழே நடந்த ரகளையிலும் சரி, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டிங் பிளேயர் படத்துக்கு நடுவர் போட்ட ஒற்றை வரியை ஆளாளுக்கு எடுத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. “எடுப்பதற்கு முன் கருவியைக் கொஞ்சம் துடைத்திருக்கலாம்.”

துடைத்திருக்கலாமாம்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். ஒரு பக்கக் கைப்பிடியின் உறை கிழிந்து, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் ஓரம் விரல் பட்டுப் பட்டுச் சுருண்டு, அந்தப் பசையில் தூசி ஒட்டியிருக்கிறது. வெட்டுகிற அலகில் சின்னதாக ஒரு பள்ளம். மின்சாரம் ஓடுகிற வயரை இரண்டு கம்பியும் சேர வெட்டினால் பொறி பறந்து இரும்பு உருகி இப்படித்தான் பள்ளம் விழும். யாரோ மெயினை அணைக்காமல் வெட்டியிருக்கிறார், தப்பித்திருக்கிறார், அதே பிளேயரை இன்னும் வைத்து வேலை பார்க்கிறார். இதெல்லாம் ஒரே படத்தில் இருக்கிறது. இதில் எதைத் துடைக்கச் சொல்கிறீர்கள்?

முதல் பரிசு வாங்கிய ஸ்பேனரைப் பற்றிக் கேட்பீர்கள். படம் மோசம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கறுப்புத் துணி, பின்னாலிருந்து ஓரத்தில் மட்டும் வழுக்கிப்போகிற வெளிச்சம், எல்லாம் கச்சிதம். ஆனால் ஒரு போல்ட்டைக்கூடக் கவ்வியிராத வாய் அது. பெட்டியிலிருந்து எடுத்து, படம் பிடித்து, மறுபடி பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். போட்டியின் தலைப்பில் ‘அன்றாட’ என்று ஒன்று இருந்ததே, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

உடனே ஒருவர் வந்து அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் பெயரைச் சொல்வார் என்று தெரியும். சொல்லியும் விட்டார்கள். 1955இல் ஃபார்ச்சூன் பத்திரிகைக்காக அவர் சாதாரணக் கைக்கருவிகளை எடுத்தார். வெறும் பின்னணி, சுத்தமான இரும்பு, படத்தின் கீழே விலைகூடப் போட்டிருந்தது, அவையும் கடைச் சரக்குதான். உண்மைதான். ஆனால் கடையில் மலிவாகக் கிடைக்கிற ஒரு கொத்துக் கரண்டியும் வடிவத்தில் அழகு என்று காட்டுவது அவர் எடுத்துக்கொண்ட வேலை. நம் நடுவர் செய்தது அதுவல்ல. ஒருவர் கையில் தேய்ந்த பொருளை அழுக்கு என்று தள்ளினார். இரண்டும் எப்படி ஒன்றாகும்? சரி, இதற்கு மேல் எவன்ஸைப் பற்றி நான் வாதாடப்போவதில்லை. ‘டேப் சுற்றிய பிளேயரை மின்வேலைக்கு வைத்துக்கொள்வது ஆபத்து’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆபத்துதான். அது பாதுகாப்பு வாரப் போட்டி என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இதை என் படத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், நானும் ஒன்று அனுப்பியிருந்தேன். அக்காவின் தையல் கத்தரிக்கோல். கட்டைவிரல் போகிற வளையத்தில் கிழிந்த சேலைக் கரையைச் சுற்றி வைத்திருக்கிறாள், நாள் முழுக்க வெட்டினால் இரும்பு விரலை அறுத்துவிடும் என்பதற்காக. ஜன்னலோரம் வைத்து எடுக்க உட்கார்ந்தால் அலகில் என் முகமும் போனும்தான் தெரிகிறது. பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் போட்டிருக்கலாமே என்று புத்தி சொல்பவர்களுக்கு, வெறும் உலோகத்தில் பட்டு வருகிற பிரதிபலிப்பை அது வெட்டாது, கண்ணாடியும் தண்ணீரும் வேறு. கடைசியில் வெள்ளை சார்ட் பேப்பரைப் பக்கத்தில் நிறுத்தி, அலகில் அந்த வெள்ளை விழுகிற மாதிரி நானே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்த பிறகுதான் சாணை பிடித்த கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அந்தக் கோடுகளுக்காகத்தான் அவ்வளவு பாடும்.

வந்த குறிப்பு: “கைப்பிடியில் உள்ள துணி கவனத்தைச் சிதறடிக்கிறது.”

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஜெயித்த படத்தை மட்டும் காட்டினேன். பார்த்துவிட்டு, “இது விற்பனைக்கா?” என்றாள்.

‘நட்புப் போட்டிதானே, இதற்குப் போய் இவ்வளவு சீரியஸா?’ இதுதான் அங்கே வந்த பதில்களிலேயே எரிச்சலானது. நட்பு என்றால் தோற்றவன் மட்டும் சிரித்துக்கொண்டு போகவேண்டும் போலிருக்கிறது. பரிசு ஒன்றுமில்லை, சான்றிதழ்கூட இல்லை, எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். இழக்க ஒன்றுமில்லாத இடத்தில்கூட ஒரு பழைய பிளேயரைக் கொஞ்சம் நேரம் உற்றுப் பார்க்க முடியவில்லை என்றால், எங்கேதான் பார்ப்பீர்கள்? நடுவருக்கும் வேலை இருக்கும், நூற்றுக்கணக்கில் படம் வந்திருக்கும் என்கிறீர்கள். வந்திருக்கட்டும். பள்ளத்தைக் கவனிக்க நேரமில்லாதவருக்கு அழுக்கைக் கவனிக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. இந்தக் குழுவில் லென்ஸின் பெயரைக் கீழே போட்டால் ஒரு மரியாதை, போனில் எடுத்தேன் என்றால் இன்னொரு மரியாதை. பிளேயர் படம் போனில் எடுத்தது. இத்தனைக்கும் கிட்டத்தில் வைத்து எடுக்கும்போது போனின் சின்ன சென்சாரில் ஃபோகஸ் தாராளமாக நிற்கும், அந்தப் படத்தில் நுனியிலிருந்து கைப்பிடி வரை கூர்மையாக வந்ததே அதனால்தான். அதையும் ஒருவர் ‘பின்னணி மங்கலாக இல்லை’ என்று குறையாக எழுதினார். என்ன சொல்ல?

பிளேயர் படத்தைப் போட்டவர் நேற்று அதை நீக்கிவிட்டார். யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அவர் சம்மதித்தால் இங்கேயே போடுகிறேன், துடைக்காமல். அடுத்த மாதத் தலைப்பு ‘கதவு’ என்று அறிவித்திருக்கிறார்கள். என்னை டேக் செய்ய வேண்டாம்.