கிர்கேயின் கிண்ணம் 1891-இல் பிறந்ததன்று
கிரேக்க மந்திரக்காரி கிர்கேயைக் கிண்ணமும் கையுமாக, மயக்கும் பெண்ணாக வரையும் வழக்கம் 1891-இல் ஆங்கில ஓவியர் வாட்டர்ஹவுஸ் தீட்டிய ஓவியத்தில்தான் தொடங்கியது என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஏதென்ஸ் மதுக்கிண்ணம் ஒன்றிலேயே, அவள் ஆடையின்றி நின்று மந்திர மருந்தைக் கலக்கி நீட்ட, மனித உடலும் விலங்குத் தலையுமாகக் கிரேக்க வீரன் ஒடிசியஸின் தோழர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள். கிரேக்கக் கவி ஹோமரின் கதையில் கிர்கே அவர்களைப் பன்றிகளாக மட்டுமே மாற்றுகிறாள். இந்தக் கிண்ணத்தில் வரைந்தவரோ வேறு விலங்குகளின் தலைகளையும் சேர்த்துவிட்டார் (குடிக்கும் பாத்திரத்திலேயே இக்காட்சியைத் தீட்டிய குறும்பு தனி). வாட்டர்ஹவுஸின் புதுமை வேறிடத்தில் இருக்கிறது: அரியணைக்குப் பின்னுள்ள வட்டக் கண்ணாடியில் ஒடிசியஸின் பிம்பத்தைக் காட்டி, ஓவியத்தைப் பார்க்கிற நம்மையே அவன் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்.