ரெண்டே சீட்டுதானா பிரதர்?

இன்னைக்கும் ஒருத்தர் கேட்டுட்டார். கேஸ் ஸ்டேஷன்ல. எட்டுப் பேர் உட்கார்ற வண்டியிலேர்ந்து தன்னந்தனியா இறங்கி, என் பழைய ஹோண்டா இன்சைட்டை ஒரு பிரதட்சிணம் வந்துட்டு, "என்ன பிரதர், ரெண்டே சீட்டுதானா?"

ஆமாங்க, ரெண்டே ரெண்டு. உங்க மீதி ஏழு சீட்டுல யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு நான் கேட்டேனா?

விட்டாரா? குனிஞ்சார். பின் சக்கரத்தைப் பாதி மறைக்கிற மூடியை உத்துப் பார்த்தார். "இதுக்கு எதுக்குப் பாவாடை?" காத்து சுழலாம வழுக்கிட்டுப் போகத்தான் சாமி! காத்து எவ்வளவு இழுக்குதுன்னு சொல்ற இழுவைக் குணகம் 0.25, குறையக் குறைய நல்லது. அதுவும் 1999ல. உங்க வண்டி இன்னும் காத்தோட மல்லுக்கட்டிட்டு இருக்கு.

அடுத்து கதவு. டொக் டொக். "தகரமா?" அலுமினியம்! பாடியே அலுமினியம். அதனாலதான் மொத்த எடை 850 கிலோவை ஒட்டி நிக்குது.

"ஓ... டொயோட்டா ப்ரியஸ் மாதிரி?"

இங்கதான் எனக்கு ஏறிடுச்சு. பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து இழுக்கற ஹைப்ரிட் வண்டியில அமெரிக்காவுல முதல்ல விற்பனைக்கு வந்தது இதுதான்யா, 1999 டிசம்பர்ல! ப்ரியஸ் இங்க வந்ததே 2000ல. ஜப்பான்ல அது 1997லயே முந்திக்கிச்சு, சரி, ஒத்துக்கறேன், வேண்டாவெறுப்பா.

"பேட்டரி படுத்துட்டா வண்டி குப்பைதானே?" இல்ல. சாதாரண 12 வோல்ட் ஸ்டார்ட்டரும் உள்ள இருக்கு. அந்த மூணு சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜின் தன்னாலயே இழுத்துட்டுப் போகும். மேட்டுல கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். நாமளும்தான் முனகறோம்.

மைலேஜை மட்டும் கேக்கல பாருங்க. மேனுவல் கியர் வண்டிக்கு நெடுஞ்சாலையில கேலனுக்கு 70 மைல்னு போட்டிருந்தாங்க. அப்புறம் கணக்குப் போடற முறையை மாத்தி 61ன்னாங்க. 61ஆவே இருக்கட்டும். உங்களுக்கு அதுல பாதி வருமா?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனான்னா, இல்ல. "ம்ம்"னு மட்டும் சொன்னேன். என் பம்ப் டக்குன்னு நின்னுச்சு. அவரோடது ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஓடிக்கிட்டே இருந்துச்சு. கிளம்பப் போறப்ப பக்கத்துல வந்து ரகசியமா, "விக்கிறதா இருந்தா சொல்லுங்க பிரதர், பையன் காலேஜ் போறான்."

சிரிப்பு வந்துடுச்சு. என்னத்த சொல்ல.

அது போகட்டும். இந்த பம்ப் மெஷின் "ரசீது வேணுமா?"ன்னு கேக்குது. ஆமான்னு அமுக்கினா, "உள்ள போய் வாங்கிக்கோ"ங்குது. பேப்பர் இல்லன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குய்யா கேட்ட?