ஒன்பது வருடமாக ஒன்றும் செய்யாத சைக்கிள்

(ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் தம்பியின் கியர் சைக்கிள் சக்கரம் மேலே பார்க்கக் கவிழ்ந்திருக்கிறது. சுற்றிலும் பழைய பல் பிரஷ், கந்தல் துணி, ஏழெட்டு ஸ்பானர். தம்பியின் கை முழங்கை வரை கறுப்பு. அக்கா வருகிறாள்.)

அக்கா: என்னடா, வண்டி மறுபடியும் மல்லாந்து கிடக்கிறது? போன ஞாயிறும் இதே கோலம்தானே?

தம்பி: சர்வீஸ் அக்கா.

அக்கா: நீ அதில் ஏறி நான் பார்த்ததைவிட, அது உன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சரி, எனக்கு ஒரு யோசனை சொல். புது சைக்கிள் வாங்கப்போகிறேன். ஒரே நிபந்தனை. ஏறுவேன், மிதிப்பேன், இறங்குவேன். அதற்குமேல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

தம்பி: (துணியைக் கீழே வைத்துவிட்டு) உட்கார் அக்கா.

அக்கா: உட்காரச் சொன்னால் பதில் நீளம் என்று அர்த்தம். (உட்காருகிறாள்.)

தம்பி: எல்லாம் செயினில் ஆரம்பிக்கிறது. என் வண்டியில் செயின் திறந்தே இருக்கிறது. ஓடும்போது கிளம்புகிற தூசியெல்லாம் எண்ணெயில் ஒட்டும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. செயினும் தேயும், பல்சக்கரமும் தேயும். அதனால்தான் முதலில் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, வெளியே இருக்கும் எண்ணெயை மறுபடியும் துடைக்க வேண்டும்.

அக்கா: விட்ட எண்ணெயைத் துடைக்கவா? அப்புறம் எதற்கு விடுவது?

தம்பி: எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது.

அக்கா: அப்படியென்றால் கடையில் ஓவராயில் என்கிறார்களே, அது எண்ணெயை ஓவராக ஊற்றுவது இல்லையா?

தம்பி: அது முழுக்கக் கழற்றி, பால்ரஸ் எல்லாம் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டுவது அக்கா! இத்தனை நாளாக நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?

அக்கா: எண்ணெய்ச் செலவு அதிகம் என்று நினைத்தேன். சரி, மேலே சொல்.

தம்பி: (ஸ்கேலை எடுத்துச் செயின்மேல் வைக்கிறான்) இதைப் பார். செயின் கண்ணிகளைக் கோக்கிற பின் ஒன்றின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் விழ வேண்டும். அந்தப் பின் 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 தள்ளிப் போகும்வரை விட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அக்கா: இரும்பு எப்படி நீளும்?

தம்பி: நீளாது. பின்கள் உரசி உரசித் தேய்ந்து இடைவெளி விழும். எல்லா இடைவெளியும் சேர்ந்து நீளமாகத் தெரியும். கியர் எண்ணிக்கை கூடக் கூடச் செயினும் மெலிந்துகொண்டே போகும், அது இன்னும் ரோஷக்காரச் செயின்.

அக்கா: சரி, கியர் வேண்டாம். அந்தச் சிவப்பு வண்டி எப்படி? முன்னால் ஷாக் வைத்து, தடித் தடியாக டயர் போட்டு, பார்க்கவே கம்பீரமாக இருந்ததே.

தம்பி: அதிலும் கியர் உண்டு. போதாததற்கு அந்த ஷாக் இருக்கிறதே, சில கம்பெனிகள் 50 மணி நேரம் ஓட்டியதும் அடிப்பாகத்தைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள்.

அக்கா: 50 மணி நேரமா? நீ வாரத்துக்கு அரை மணி ஓட்டுவாய். நூறு வாரம். கிட்டத்தட்ட இரண்டு வருடம்! உன்னை மாதிரி ஓட்டினால் அதுதான் சிக்கனமான வண்டி.

தம்பி: (காதில் விழாத மாதிரி) அதன் பிரேக் வேறு கதை. ஹைட்ராலிக் டிஸ்க். குழாய்க்குள் திரவம் ஓடும். சிலவற்றில் மினரல் ஆயில், சிலவற்றில் டாட் திரவம். டாட் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் வீணாகிவிடும். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது தெரியாமல் பிரேக்கைப் பிடித்தால் டிஸ்கைக் கவ்வுகிற இரண்டு பிரேக் கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு நெம்பித்தான் பிரிக்க வேண்டும். செயினுக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு டிஸ்கில் தெறித்தால் போதும், பிரேக் ஊளையிடும், பிடிக்கவும் பிடிக்காது.

அக்கா: எண்ணெய் விடாவிட்டால் செயின் கத்துகிறது, விட்டால் பிரேக் கத்துகிறது.

தம்பி: டயரும் டியூப்லெஸ். உள்ளே பால் மாதிரி ஒரு திரவம் இருக்கும். சின்ன முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். ஆனால் சில மாதத்தில் காய்ந்துபோகும், மறுபடியும் ஊற்ற வேண்டும்.

அக்கா: சீப்பு மாதிரி ஒல்லி டயர் போட்ட ரேஸ் வண்டி?

தம்பி: வாரா வாரம் காற்று. அழுத்தம் குறைந்தால் பள்ளத்தில் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சர்.

அக்கா: மடக்கு சைக்கிள்?

தம்பி: சின்னச் சக்கரம், அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும், டயர் சீக்கிரம் தேயும். மடக்குகிற கீலையும் கொக்கியையும் கவனிக்க வேண்டும்.

அக்கா: பேட்டரி வண்டி?

தம்பி: மோட்டார் பெடல் பக்கம் இருந்தால் அதுவும் சேர்ந்து இழுப்பதால் செயின் சீக்கிரம் போகும், எடை அதிகம் என்பதால் பிரேக் கட்டையும் போகும். நாள்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும்.

அக்கா: டேய், வண்டி கேட்டால் நோயாளி லிஸ்ட் படிக்கிறாய். நல்லதாக ஒன்றுகூட இல்லையா?

தம்பி: இருக்கிறது. பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே கியரை வைத்திருப்பார்கள். தூசி போகாது, மழை போகாது. நூறு வருடத்துக்கு மேலான ஏற்பாடு. இங்கிலாந்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் என்று ஒரு கம்பெனி 1900களின் தொடக்கத்திலேயே மூன்று கியர் குடம் செய்து விற்றது. செயினுக்குப் பதில் பெல்ட் போட்டால் எண்ணெயே வேண்டாம்.

அக்கா: அப்பாடா! அதையே வாங்கிவிடலாம்.

தம்பி: ஆனால் பின்சக்கரம் பஞ்சரானால் கியர் கேபிளைக் கழற்றி, நட்டைக் கழற்றி... பெல்ட்டையும் வெட்டி ஒட்ட முடியாது, அதற்காக ஃபிரேமிலேயே திறக்கிற மாதிரி ஒரு இடம் வைத்திருக்க வேண்டும்.

அக்கா: போதும். என் பழைய வண்டிதான் சரி. ஒரே கியர், முழுச் செயின் கவர், ஹேண்டிலில் ஒரு கூடை. ஒன்பது வருடமாகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. ஒரு ஸ்பானர் பட்டதில்லை. அதே மாதிரி இன்னொன்று வாங்கினால் முடிந்தது.

(தம்பி பேசாமல் சக்கரத்தைச் சுற்றுகிறான். சக்கரம் டிக் டிக் என்கிறது.)

அக்கா: என்ன, பதிலைக் காணோம்?

தம்பி: ஒன்பது வருடமாகக் காற்று இறங்காத டியூப் உலகத்தில் எங்கேயும் இல்லை அக்கா. டியூப் ரப்பர் வழியாகவே காற்று மெல்ல மெல்லக் கசியும்.

அக்கா: என் வண்டியில் இறங்கியதே இல்லையே?

தம்பி: பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நான் அடிக்கிறேன். செயின் கவரில் வட்டமாக ஒரு மூடி இருக்கிறது, தெரியுமா? அதைத் திறந்து மாதம் ஒரு தடவை எண்ணெய் விடுகிறேன். பிரேக் ரப்பர் இரண்டு தடவை மாற்றியாயிற்று. அந்த மேட்டில் நீ இடித்துக்கொண்டு வந்தாயே, அன்றைக்கு ராத்திரி பின்சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தேன்.

அக்கா: (எழுந்து நின்று) அந்தக் கிரீச் கிரீச் சத்தத்தை நிறுத்தியது நீதானா?

தம்பி: ஆமாம்.

அக்கா: பாவி! அந்தச் சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒருவரும் நகரவில்லையே என்று எத்தனை நாள் குழம்பினேன்! அப்புறம்தான் மணி வாங்கி மாட்டினேன்.

தம்பி: அந்த மணியின் திருகு போன வாரம் லூசாக இருந்தது. அதையும் நான்தான் முடுக்கினேன்.

(அக்கா சற்று நேரம் தன் வண்டியைப் பார்க்கிறாள். பிறகு தம்பியை. பிறகு தம்பியின் கறுத்த கையை.)

அக்கா: அப்படியென்றால் நான் எந்த வண்டி வாங்கினாலும் அதைப் பார்த்துக்கொள்ளப்போவது நீ.

தம்பி: பின்னே? விட்டுவிட மனசு வருமா?

அக்கா: அப்போது எனக்கு என்னடா கவலை? அந்தச் சிவப்பு வண்டியே வாங்கிக்கொள்கிறேன். ஷாக் வைத்தது.

தம்பி: அக்கா! வேண்டாம். நீ தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுவாய். 50 நாளில் 50 மணி நேரம்! செயின் கவர் போட்ட வண்டிதான் உனக்குப் பொருத்தம். குனியாமல் ஓட்டலாம், துணி மாட்டாது...

அக்கா: சிவப்பு எனக்கு எடுப்பாக இருக்கும். (கிளம்புகிறாள், வாசல்படியில் திரும்பி) எண்ணெய் விடும்போது மட்டும் டிஸ்கில் தெறிக்காமல் பார்த்துக்கொள், ஊளையிடுமாம்.