26-ன்னா 26 தானே?

தம்பி: அக்கா, இந்தப் பழைய சைக்கிள்ல புது டயர் ஏறவே மாட்டேங்குது. ரிம் வீங்கிருச்சு போல.

அக்கா: இரும்பு ரிம் வீங்குறதுக்கு அதுக்கென்ன பல்வலியா? டயர் ஓரத்துல என்ன எழுதியிருக்கு, படி.

தம்பி: 26 × 1.75.

அக்கா: கழட்டிப் போட்ட பழசுல?

தம்பி: 26 × 1⅜. 26-ன்னா 26 தானேக்கா?

அக்கா: உன் பேரு குமார். எதிர்வீட்டுக்காரர் பேரும் குமார். அவர் சட்டை உனக்குச் சேருமா? பக்கத்துலயே குட்டியா இன்னொரு நம்பர் இருக்கும் பாரு.

தம்பி: 559.

அக்கா: டயர் ரிம்ல உக்கார்ற இடத்தோட விட்டம் அது, மில்லிமீட்டர்ல. உன் ரிம்முக்கு 590 வேணும். 31 மில்லிமீட்டர் இடிக்குது. நீ விடிய விடிய நெம்பினாலும் டியூப்தான் கிழியும்.

தம்பி: ரெண்டு கிழிஞ்சுது. அப்போ 1¾-ன்னு கேட்டு வாங்கியிருக்கணுமோ?

அக்கா: அது 571. 1.75-ம் 1¾-ம் கணக்கு வாத்தியாருக்குத்தான் ஒண்ணு. டயருக்கு வேற வேற. அந்த 1⅜-லயே 597-ன்னு ஒரு அமெரிக்க அளவும் இருக்கு. இஞ்சை மறந்துட்டு 590-ன்னு கேளு.

தம்பி: சரி, விடுங்க. மத்ததெல்லாம் பட்ஜெட்டுக்குள்ள முடிச்சிட்டேன்.

அக்கா: என்னென்ன வாங்கினே?

தம்பி: கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் நாலு டப்பா, கோடு போட தங்கக் கலர் ஒண்ணு, கைப்பிடிக்குத் தோல் உறை, பித்தளை பெல், முன்னாடி மாட்ட ஒரு பிரம்புக் கூடை.

அக்கா: பிரேக் கட்டை?

தம்பி: அது அப்புறம்.

அக்கா: செயின்?

தம்பி: பழசே இருக்கே. கறுப்பா இருக்கு, பெயின்ட்டுக்குப் பொருத்தமா இருக்கும்.

அக்கா: ஸ்கேலை வச்சுப் பாரு. முள்ளுக்கு முள்ளு சரியா 12 இஞ்ச் வரணும். 12⅛-க்குப் போயிருந்தா தூக்கிப் போட்டுடு. இல்லேன்னா சக்கரப் பல்லையும் சேத்துத் தின்னுட்டுத்தான் ஓயும்.

தம்பி: (அளந்துவிட்டு) 12¼.

அக்கா: அதுல பாதி தேய்ஞ்சாலே மாத்தணும். சரி, கையில என்ன உப்புத்தாள்?

தம்பி: முன்னாடி ஒரு கொக்கு ஒட்டியிருக்குக்கா. சுரண்டிட்டா பெயின்ட் அடிக்க வசதி.

அக்கா: கீழ வை! அது கொக்கு இல்லடா, நாரை. ராலே கம்பெனி முத்திரை. அதைச் சுரண்டிட்டா அப்புறம் அது ஏதோ ஒரு கறுப்பு சைக்கிள். பெயின்ட்டே அடிக்காதே. சோப்புத் தண்ணியில துடை, காயவிடு, மெழுகு பாலிஷ் போடு. குரோம்ல துரு இருந்தா அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சுத் தேய். குரோமை விட அலுமினியம் மெத்து, கீறல் விழாது. துரு தின்ன குழி மட்டும் அப்படியேதான் இருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

தம்பி: பெயின்ட் டப்பாவைத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்களே.

அக்கா: கேட்டை அடி. பெடல் மாட்டுற கை இருக்கே, அந்தக் கிராங்கைக் கழட்டிட்டியா?

தம்பி: அதை அச்சோட பிடிச்சிருக்குற காட்டர் பின் வரல. நட்டைக் கழட்டி வீசிட்டு, சுத்தியால முப்பது அடி போட்டேன். மரை தலை விரிஞ்சு காளான் மாதிரி ஆயிடுச்சு.

அக்கா: பின்னுக்கு மட்டுமா மரை கழண்டிருக்கு? நட்டை வீசக் கூடாது. பின் நுனிக்குச் சமமா வர்ற வரைக்கும் மட்டும் தளர்த்தணும், அடி நட்டுல விழும், மரை தப்பிக்கும். கிராங்குக்கு அடியில ஒரு இரும்புக் குழாயை நிமித்தி முட்டுக் கொடுக்கணும், பின் தலை அந்தக் குழாய்க்குள்ள இறங்குற மாதிரி. முட்டு இல்லேன்னா நீ அடிச்ச முப்பதும் உள்ள இருக்குற குண்டு வழியா, அது உருளுற கப்புல போய் பள்ளம் பள்ளமா விழும். வைஸ்ல வச்சு நெருக்கி எடுத்தா அடிக்கவே வேண்டாம். ஒருநாள் முன்னாடியே துரு இளக்குற எண்ணெய் விட்டியா?

தம்பி: விட்டேன். அடிச்சதுக்கு அப்புறம்.

அக்கா: ரொம்ப சந்தோஷம். புதுப் பின் 9.5 மில்லிமீட்டர் கேளு, 9 குடுத்தா ஆடும். ரெண்டு பின்னையும் எதிரெதிர்ப் பக்கமா செருகு. ஒரே பக்கமா செருகினா ரெண்டு பெடலும் நேர்கோட்டுல நிக்காது, நொண்டிகிட்டே மிதிக்கணும்.

தம்பி: அந்தக் கப்பும் கழல மாட்டேங்குது. வலது பக்கம் இருக்கே, அது. எவ்வளவு திருகினாலும் இறுகுது.

அக்கா: இறுகத்தான் செய்யும், அது இடது மரை. கடிகார முள் சுத்துற பக்கம் திருப்பணும். ஆனா நீ கழட்டாதே. டார்ச் அடிச்சுப் பாரு, பள்ளம் இல்லேன்னா உள்ள துடைச்சிட்டு, கிரீஸ் வச்சு, பக்கத்துக்குப் பதினொரு கால் இஞ்ச் குண்டு போட்டு மூடு.

தம்பி: பள்ளம் இருந்தா மாட்டலாம்னு புதுக் கப்பே வாங்கி வச்சிருக்கேன். இங்கிலீஷ் மரை, 24.

அக்கா: உன் சைக்கிள் இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல செஞ்ச ராலே. அதுக்கு இஞ்சுக்கு 26 மரை.

தம்பி: 26-ன்னா 26 தானேக்கா?

அக்கா: ஆமாடா! இங்க மட்டும் 26-ன்னா 26 தான்! இங்க போய் 24 வாங்கியிருக்கே!

(தம்பி கப்பைக் கூடையில் போட்டான். பிரம்புக் கூடைக்கு அதுதான் முதல் வேலை.)

தம்பி: பின்சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்புல 62, 4-ன்னு இருக்கே, அது என்ன சைசு?

அக்கா: சைசு இல்ல. ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ., மூணு கியர் ஹப். 1962 ஏப்ரல்ல செஞ்சது.

தம்பி: வித்தவர் 1930 மாடல்னு சொன்னாரே!

அக்கா: அந்த ஹப்பு சந்தைக்கு வந்ததே 1936-ல. சக்கரத்தை யாராவது மாத்தியிருக்கலாம், அதனால ஹப்பை மட்டும் வச்சு சாமியாட முடியாது. அவர் பேச்சை வச்சு சுத்தமா முடியாது. எண்ணெய் விட்டியா?

தம்பி: துரு ஸ்ப்ரே அடிச்சேன்.

அக்கா: அது இருக்குற எண்ணெயையும் கழுவி விட்டுரும். ஹப் மேல சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து மெல்லிசு மெஷின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விடு. அப்புறம் கியரை ரெண்டுல வை. வலது நட்டுல ஒரு ஓட்டை தெரியும், அது வழியா உள்ள பாரு. கேபிள் இழுக்குற கம்பியோட தடிச்ச பாகம் முடியுற விளிம்பு அச்சு நுனிக்குச் சமமா நிக்கணும். கேபிள் திருகாணியை அதுக்கேத்தபடி திருகு.

தம்பி: கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா?

அக்கா: ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கியரே இல்லாத ஒரு இடம் இருக்கு. எழுந்து நின்னு மிதிக்கும்போது அங்க போய் நின்னா பெடல் சும்மா சுத்தும், நீ இறங்குவே. குறுக்குக் கம்பி எங்க இருக்குன்னு குனிஞ்சு பாத்துக்கோ.

தம்பி: (குனிந்து பார்த்துவிட்டு) இன்னைக்கே சரி பண்ணிடுறேன்.

அக்கா: அப்படியே பிரேக் கட்டையும். குரோம் ரிம் நனைஞ்சா வழுக்கும். தோல் பதிச்ச கட்டை போட்டா கொஞ்சமாவது பிடிக்கும். எல்லாரும் சுவத்துல சாய்ச்சு வச்சு போட்டோ எடுக்கத்தான் சைக்கிளைச் சரி பண்றீங்க. சுவரே நிறுத்திடுது, பிரேக் எதுக்கு.

தம்பி: கடைக்குப் போன் போட்டு டயரை மாத்திக்குடுப்பாங்களான்னு கேக்குறேன். (போனில்) அண்ணே, 26 டயர்...

அக்கா: 26-ன்னு சொல்லாதே!

தம்பி: மன்னிச்சுக்கங்கண்ணே, 590 வேணும். ஆமாண்ணே, 590. (போனைப் பொத்திக்கொண்டு) அக்கா, 590 இஞ்ச்ல சைக்கிள் வச்சு என்ன பண்ணப் போறேன்னு கேக்குறாரு.