காட்டுக்குள் எதற்குங்க ஸ்பீக்கர்?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறையில் வரையாடுகள் சாவகாசமாக நிற்கும். நம்ம ஆட்கள் ஹாரனை அமுக்கி, கார் கதவைத் திறந்துவிட்டுக் குத்துப்பாட்டு போடாத வரைக்கும்.

சரி, மேலே போய்த் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடக்கலாம் என்றால் அங்கேயும் ஒரு கூட்டம், பையில் தொங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரோடு. இருவாச்சி பறந்தால் இறக்கைச் சத்தமே தூரத்திலிருந்து கேட்கும். அதைக் கேட்கத்தானய்யா வந்தோம்! “இங்க ஒண்ணுமே இல்லை ப்ரோ” என்று சலித்துக்கொள்வதும் அவர்களேதான். பின்னே எப்படி இருக்கும்?

அதைவிட எரிச்சல் வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிற புதுத்தோட்டம் எஸ்டேட்டில். சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்கி அடிபடக் கூடாது என்று மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். நம்மவர் காரை நடுரோட்டில் நிறுத்தி, சிப்ஸைக் காட்டிக் கீழே கூப்பிடுகிறார். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெந்தக் காட்டிலும் இல்லாத குரங்கு அது. சொன்னால், “பாவம் சார், பசிக்குமில்ல?” என்கிறார். பலாப்பழம் தின்கிற குரங்குக்கு மசாலா சிப்ஸ்! பின்னால் மாட்டிக்கொண்ட பஸ்காரர் அடிக்கிற ஹாரன் தனிக் கச்சேரி.